நம் வீட்டு பாய்லருக்கு நாமே இன்ஸ்பெக்டர்

ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததுமே எங்கள் சங்கராபுரத்தில் விடியற்காலைக் குளிர் ஆரம்பித்துவிடும். மேற்கே கல்வராயன் மலைப் பக்கமிருந்து வருகிற காற்றுக்கு மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் ஜில்லென்று ஆகிவிடும். மலை மேலே வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் இருப்பவர்களைக் கேட்கவே வேண்டாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, மூட்டுவலிக்கார மாமியார், பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள், பிறந்து இருபது நாளே ஆன பேரக்குழந்தை, இத்தனை பேருக்கும் வெந்நீர் வேண்டும். அந்த வெந்நீருக்குப் பொறுப்பு யார்? சந்தேகமென்ன, நாம்தான்.

அடுப்படியைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறோம், படிக்கிறோம். குளியலறைச் சுவரில் தலைக்கு மேலே தொங்குகிற கீசரைப் பற்றி மட்டும் "சுவிட்சைப் போட்டா சுடுது, அணைச்சா ஆறுது" என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. பழுது என்றால் அது ஆம்பிளைகள் விவகாரம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் காலையில் எழுந்ததும் சுவிட்ச் போடுவது நாம். குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு அதன் கீழே உட்காருவதும் நாம். ஆகவே சகோதரிகளே, இந்த இதழில் வெந்நீர்ப் பாடம். பாடத்தின் சாரம் ஒரே வரிதான்: தண்ணீரைச் சூடாக்கும் எந்தப் பாத்திரத்துக்கும் மூச்சுவிட ஒரு வழி இருக்க வேண்டும், அந்த வழியை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.

செம்பு பாய்லருக்கு ஏன் வால்வு இல்லை?

என் பாட்டி வீட்டுக் கொல்லையில் ஒரு செம்பு பாய்லர் இருந்தது. உங்களில் பலர் வீட்டுப் பரணிலும் இருக்கும். நடுவில் புகைபோக்கி மாதிரி ஒரு குழாய். அதில் கரித்துண்டு, கொட்டாங்கச்சி, சுள்ளி எது கிடைத்தாலும் போட்டு எரிக்கலாம். அந்தக் குழாயைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். மேலே புனல் வைத்த வாய், கீழே ஒரு பித்தளைக் குழாய். நெருப்பு நடுவில், தண்ணீர் சுற்றிலும். அதனால் சூடு அதிகம் வீணாகாமல் தண்ணீருக்கே போய்ச் சேரும். படிக்காத கன்னார் செய்தது என்று யாரும் குறைத்துச் சொல்லிவிட முடியாது, அத்தனை யோசனை அதற்குள் இருக்கிறது.

அந்த பாய்லரில் வால்வு கிடையாது, கட்-அவுட் கிடையாது. இருந்தும் அது வெடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. காரணம், அதன் வாய் எப்போதும் திறந்தே இருக்கும். தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் ஆவி தன் பாட்டுக்கு மேலே போய்விடும். உள்ளே அழுத்தம் சேரவே சேராது.

செம்பு பாய்லருக்கு இரண்டே விதிகள். ஒன்று, தண்ணீர் ஊற்றாமல் நெருப்பு மூட்டக் கூடாது. மூட்டினால் பற்று விட்டுப்போய் ஒழுக ஆரம்பிக்கும். இரண்டு, சூடு போய்விடுமே என்று புனல் வாயை இறுக்கி மூடக் கூடாது. இன்றைக்கும் விறகுப் பாய்லர் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் மறக்க வேண்டாம். அதைக் குளியலறைக்குள்ளே கதவைச் சாத்தி எரிக்காமல், தாழ்வாரத்திலோ கொல்லையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

கீசரும் குக்கரும் ஒரே ஜாதி

கீசர் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. இது மூடிய பாத்திரம். மேலே தொட்டியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் உள்ளே வரும். அந்தத் தண்ணீர் தள்ளினால்தான் சுடுதண்ணீர் வெளியே வரும். மூடிய பாத்திரத்தில் தண்ணீர் சூடானால் என்ன ஆகும் என்று நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் குக்கரில் பார்க்கிறோமே!

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கரில் மூடியைப் போட்டு வெயிட்டும் வைத்துவிட்டால் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும். அதனால்தான் துவரம்பருப்பு கால் மணியில் குழைகிறது. டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்கார விஞ்ஞானி 1679-ல் லண்டனில் எலும்பைக் கூடக் குழைய வேகவைக்கும் ஒரு இறுக்கமான பாத்திரத்தைச் செய்தார். நம் குக்கருக்குப் பாட்டன் அது. உள்ளே அழுத்தம் மிஞ்சினால் ஆபத்து என்று தெரிந்து, எடை வைத்த ஒரு வால்வையும் அவரே பொருத்தினார். அழுத்தம் மிஞ்சினால் எடையைத் தூக்கிக்கொண்டு ஆவி வெளியேறும். குக்கர் வெயிட்டுக்கும் கீசர் வால்வுக்கும் அதுதான் மூலம்.

கீசரில் காவல் நான்கு அடுக்கு. முதலில் தெர்மோஸ்டாட், வைத்த அளவுக்குச் சூடானதும் மின்சாரத்தை நிறுத்தும். அது பழுதானால் கட்-அவுட். அதுவும் தவறினால், சூட்டில் உருகி வழிவிடும் ஃப்யூசிபிள் பிளக். கடைசியாக, அழுத்தத்தை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு. கீசரின் அடியில், குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகும் இடத்தில், பித்தளையில் கட்டை விரல் பருமனுக்கு ஒன்று இருக்கும் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். தண்ணீர் வந்த வழியே தொட்டிக்குத் திரும்பாமல் தடுக்கிற வேலையையும் அதுவே செய்யும்.

அது சொட்டும். சொட்டத்தான் வேண்டும்! 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால், தண்ணீர் விரிந்து சுமார் 200 மில்லி அதிகமாகிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர். வந்த வழி அடைத்திருக்கிறது, வெளிக்குழாயும் மூடியிருக்கிறது. அந்த ஒரு டம்ளர் எங்கே போகும்? வால்வு வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியே வரும். ஆகவே சூடேறும்போது மட்டும் சொட்டினால் அது ஆரோக்கியத்தின் அடையாளம். சுவிட்ச் அணைத்து, தண்ணீர் ஆறின பிறகும் இரவு பகலாக ஒழுகினால்தான் வால்வில் பழுது. அப்போதும் செய்ய வேண்டியது புது வால்வு மாற்றுவது.

எதிர்வீட்டில் பார்த்த அடைப்பு

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன வருஷம் எங்கள் தெருவிலேயே ஒன்று நடந்தது. எதிர்வீட்டு அத்தையின் மகள் தலைப்பிரசவம் முடிந்து வந்திருந்தாள். குழந்தையைப் பார்க்கப் போனேன். கை கழுவக் குளியலறைக்குப் போனபோது கீசருக்கு அடியில் என் கண் போயிற்று. வால்வின் வாயில் ஒரு பிளக்கைத் திருகி, சுற்றிலும் பசை போட்டுப் பூசியிருந்தார்கள்.

"ஏன் அத்தே, இது யாரு பண்ணினது?" என்றேன்.

"சொட்டுச் சொட்டுன்னு சொட்டி செவுரெல்லாம் ஓதம் அடிச்சிப் போச்சும்மா. பச்சப்புள்ள இருக்கிற வீடு, ஈரம் ஆகாதுன்னு நான்தான் அடைக்கச் சொன்னேன்" என்றார் அத்தை.

குழாய் வேலை செய்கிற அந்தத் தம்பியைக் கூப்பிட்டு விட்டோம். "அக்கா, அவங்க அடைக்கச் சொன்னாங்க, நான் அடைச்சேன்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். "தம்பி, உங்க வீட்டுக் குக்கர் வெயிட்டை ஒட்ட வச்சு மூடி அடுப்புல ஏத்துவீங்களா?" என்று கேட்டதும்தான் அவருக்கே சுருக்கென்றது. அன்றைக்கே பிளக்கைக் கழற்றினார். இரும்பு உளி மாதிரி இறுகியிருந்த பசையைச் சுரண்டி எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. வால்வையும் புதிதாக மாற்றினார். அதன் வாயில் ஒரு சின்ன ட்யூப் மாட்டித் தரையில் சாக்கடை ஓட்டை வரை இறக்கிவிட்டார். சொட்டுவது சொட்டட்டும், சுவர் நனையாது. வேலை முடிந்தது. செலவும் பெரிதாக ஆகவில்லை.

இதோடு போயிருந்தால் இவ்வளவு பேச மாட்டேன். "இந்தச் சிவப்பு விளக்கு அணைஞ்சு நான் பார்த்ததே இல்லையே அக்கா" என்று அந்தப் பிள்ளை பெற்றவள் ஒரு வார்த்தை சொன்னாள். மெக்கானிக்கை வரவழைத்துப் பார்த்ததில், தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை நிறுத்தாமலே இருந்திருக்கிறது. முதல் காவல் தூங்கிவிட்டது. கடைசிக் காவலின் வாயை நாமே கட்டிவிட்டோம். நடுவில் இருந்த கட்-அவுட் புண்ணியத்தில் அந்த வீடு பிழைத்திருந்தது. அதுவும் ஒரு நாள் தவறியிருந்தால்? மூடிய பாத்திரத்தில் 100 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர், பாத்திரம் பிளந்த அந்த நொடியே ஆவியாகிச் சீறும். தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். ஒரு குளியலறை அதைத் தாங்குமா?

சிவப்பு விளக்கைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 15 லிட்டர் கீசர், 2,000 வாட் என்றால், 25 டிகிரித் தண்ணீர் 60 டிகிரி ஆக சுமார் 20 நிமிடம் போதும். 25 லிட்டருக்கு அரைமணிக்குச் சற்று மேலே. குழாயைத் திறக்காமல் இருந்தும் 15 லிட்டர் கீசரின் விளக்கு முக்கால் மணி வரை அணையவில்லை என்றால், சுவிட்சை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் தண்ணீரோடு ஆவியும் புஸ் புஸ்ஸென்று சீறினால் அது அதைவிட அவசரம். குழாயையோ கீசரையோ தொட்டு ஆராய வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, மெயினை அணைத்து, கதவைச் சாத்தி, முழுதும் ஆறும்வரை விட்டுவிடுங்கள்.

ரைஸ்மில்லுக்கு இன்ஸ்பெக்டர் உண்டு, நமக்கு?

எங்கள் வட்டாரத்தில் பாய்லர் என்ற சொல் புதிதல்ல. நெல் அவிக்கிற ரைஸ்மில்களில் பாய்லர், மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலையில் பாய்லர். இவற்றுக்கெல்லாம் சட்டம் உண்டு. 1923-ல் வந்த இந்திய பாய்லர் சட்டம் ஒரு நூற்றாண்டு நடைமுறையில் இருந்தது. அதன் இடத்தில் 2025-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி பாய்லரைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கென்று இருக்கும் இன்ஸ்பெக்டர் சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். தகுதி பெற்றவர்தான் அதை ஓட்டலாம். இத்தனை கட்டுப்பாடு இருந்தும் 2020-ல் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் மே மாதம் ஒரு முறையும் ஜூலை மாதம் ஒரு முறையும் பாய்லர் விபத்து நடந்து, தொழிலாளர்கள் உயிர் இழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

வீட்டுக் கீசர் அந்தச் சட்டத்துக்குள் வராது. 25 லிட்டருக்குக் குறைந்த பாத்திரமும், தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழே மட்டும் சூடாக்குகிற பாத்திரமும் அதில் சேராதவை. நியாயம்தான், வீடு வீடாக வந்து சோதிக்க எத்தனை இன்ஸ்பெக்டர் வேண்டும்? ஆக, நம் வீட்டு பாய்லரைப் பார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதன் மேல் ஐ.எஸ். 2082 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பதோடு அரசாங்கத்தின் காவல் முடிந்துவிடுகிறது. மாட்டின மறுநாளிலிருந்து இன்ஸ்பெக்டர் வேலை நமக்கு!

உப்புத் தண்ணீர் செய்யும் சதி

எங்கள் பக்கம் கெட்டிப் பாறை நிலம். போர் போட்டால் பாறை வெடிப்புகளில் ஊறும் தண்ணீர்தான் வரும். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கலந்து, சோப்புப் போட்டால் நுரைக்காது, பருப்பு வேகாது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் போர் தண்ணீரைத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

வெந்நீர் வைக்கும் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுகிறதே, அதேதான் கீசருக்குள்ளும் தட்டும். கம்பியின் மேல் அது கனமாகப் படிந்துவிட்டால் சூடு தண்ணீருக்குப் போகாது. கம்பி தனக்குள்ளேயே காய்ந்து ஒரு நாள் வெடித்துப் போகும். மின்சாரக் கட்டணமும் ஏறும். இதே பொருக்கு பாதுகாப்பு வால்விலும் படிந்து அதை இறுக்கிவிடும். யாரும் அடைக்காமலே அடைபட்டுப் போகிற வால்வு இது. அதனால் உப்புத் தண்ணீர்க்காரர்கள் இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கொதிக்கிற கெட்டிலில் மாதிரி 'கடகட' என்று கீசருக்குள் சத்தம் கேட்டாலும், முன்பு மூன்று வாளி வந்த இடத்தில் இரண்டு வாளிதான் சூடாக வந்தாலும், பொருக்குச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். சூட்டை 55, 60 டிகிரியோடு நிறுத்தி வையுங்கள். சூடு கூடக் கூடப் பொருக்கும் வேகமாகச் சேரும்.

இன்னொரு ரகசியம். இரும்புத் தொட்டி வைத்த பெரும்பாலான கீசர்களுக்குள் மக்னீசியத்தில் ஒரு தண்டு இருக்கும். துருப்பிடிக்கிற தண்ணீர் தொட்டியைத் தின்பதற்குப் பதில் அந்தத் தண்டைத் தின்னும். தண்டு கரைந்து தீர்ந்துவிட்டால் அடுத்தது தொட்டிதான். சர்வீஸ் செய்ய வருகிற மெக்கானிக்கிடம் "தண்டு எவ்வளவு மிச்சம் இருக்கு, காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்கிற வீட்டில்தான் வேலை ஒழுங்காக நடக்கும்.

குழாய் விஷயத்திலும் ஒரு வார்த்தை. கீசரிலிருந்து வருகிற சுடுதண்ணீருக்கு சாதாரண வெள்ளை பி.வி.சி. குழாய் ஆகாது, சூட்டில் இளகி இணைப்பு விட்டுப்போகும். சி.பி.வி.சி. என்று எழுதியிருக்கும் சந்தன நிறக் குழாய்தான் போட வேண்டும். சுவருக்குள் பதித்துப் பூசுவதற்கு முன்னால் குழாயில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே ஒரு முறை படித்துவிடுங்கள்.

குழந்தையும் வெந்நீரும்

இளம் தாய்மார்களே, இந்தப் பகுதி உங்களுக்கு. 60 டிகிரித் தண்ணீர் பெரியவர்கள் தோலையே ஐந்து விநாடியில் பொசுக்கிவிடும். குழந்தையின் தோல் பூ மாதிரி மெல்லியது. அதற்கு இன்னும் குறைந்த நேரம் போதும். குழந்தையைக் குளிப்பாட்ட 37, 38 டிகிரிதான் தேவை, அதாவது நம் உடம்புச் சூடு. "நல்லா சுடச்சுட ஊத்தினாத்தான் உடம்பு பிடிக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, தண்ணீரை மட்டும் நீங்கள் விளாவுங்கள்.

விளாவும்போது முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். எப்போதும் இந்த வரிசைதான். வெந்நீரை முதலில் பிடித்து வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீருக்குத் திரும்புகிற அந்த அரை நிமிடத்தில்தான் தவழ்கிற குழந்தை வாளியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். விளாவிய பின் முழங்கையை விட்டுப் பாருங்கள். விரல்கள் அடுப்பில் பழகி மரத்துப் போயிருக்கும், முழங்கை பொய் சொல்லாது. ஓடுகிற சுடுதண்ணீர்க் குழாயின் கீழே குழந்தையை நேராகக் காட்டவே கூடாது.

மீறிப் பட்டுவிட்டால், உடனே குழாய்த் தண்ணீரை அந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொண்டே இருங்கள், 20 நிமிடம். உடம்பின் மற்ற பாகம் குளிராமல் துணியால் போர்த்தி வையுங்கள். நனைந்த துணி, வளையல், அரைஞாண் எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றுங்கள்; தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் பிய்க்க வேண்டாம். இங்க், பற்பசை, மாவு, வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி டாக்டரிடம் கொண்டுபோங்கள். கைக்குழந்தை என்றால் சின்னக் காயமானாலும் டாக்டர் பார்க்க வேண்டும். காயம் பெரிது என்றால் தயங்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ராடு, கேஸ், சோலார்

கீசர் இல்லாத வீட்டில் ராடு இருக்கும். வாளித் தண்ணீரில் ராடு போட்டிருக்கும்போது "சூடாச்சா?" என்று விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம்தான் எமன். ராடில் வெடிப்பு இருந்தால் தண்ணீர் முழுக்க மின்சாரம். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, அதன் பிறகே தொடுங்கள். தண்ணீர் ராடில் போட்டிருக்கும் கோடு வரை நிற்க வேண்டும். 1,500 வாட் ராடு ஆறரை ஆம்பியர் இழுக்கும்; ஆகவே விளக்குக்கு வைத்த சின்ன பிளக்கில் சொருகாதீர்கள். எர்த்தும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் வீட்டில் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கேட்டுப் பாருங்கள். குழந்தை நடமாடும் வீட்டில் ராடு போட்ட வாளி கதவு சாத்திய அறையில்தான் இருக்க வேண்டும்.

கேஸ் கீசர் சிக்கனம்தான். அதன் ஆபத்து வேறு மாதிரி. 1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்ற பெயிண்டர், கேஸில் தண்ணீர் சூடாக்கும் கருவியைச் செய்து, ஐஸ்லாந்து நாட்டு வெந்நீர் ஊற்றின் பெயரால் 'கீசர்' என்று பெயரும் வைத்தார். அதில் புகை வெளியே போக வழி வைக்கவில்லை. நூற்றைம்பது வருஷம் கழித்தும் நாம் காற்றில்லாத குளியலறைக்குள் கேஸ் கீசரை மாட்டி, கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு அதையேதான் செய்கிறோம். காற்று போதாமல் எரிகிற நெருப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். அதற்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. தலைவலி, மயக்கம் என்று தோன்றுவதற்குள் கால் துவண்டுவிடும். கேஸ் கீசரையும் சிலிண்டரையும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, தண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். குளிரடிக்கிறது என்று அட்டை வைத்து வென்டிலேட்டரை அடைக்க வேண்டாம். அதுவும் மூச்சுவிடும் வழிதான்.

மொட்டைமாடி சோலார் ஹீட்டரில் தொட்டியின் மேலே ஒரு குழாய் சும்மா வானத்தைப் பார்த்து நிற்கும். "இது எதுக்கு? அணில் போயிடும், குப்பை விழும்" என்று மூடி போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆவி வெளியே போகவும், தண்ணீர் இறங்கும்போது காற்று உள்ளே வரவும் அதுதான் வழி. அடைத்தால் தொட்டி உப்பிப்போகும், இல்லாவிட்டால் உள்ளே காற்றில்லாமல் நசுங்கும். வேண்டுமானால் பூச்சி போகாத வலைத்துணியைத் தளர்வாகக் கட்டி, அதையும் அவ்வப்போது தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்

தினமும்: குளித்து முடித்ததும் கீசர் சுவிட்சை அணைக்க வேண்டும். புதிதாக மாட்டிய கீசரிலும், பழுது பார்த்த கீசரிலும், சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் தடையில்லாமல் வந்த பிறகே சுவிட்ச் போட வேண்டும்.

மாதம் ஒரு முறை: சூடேறும்போது வால்வு சொட்டுகிறதா, சிவப்பு விளக்கு நேரத்துக்கு அணைகிறதா, ட்யூபின் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சில வால்வுகளில் சின்ன நெம்பு இருக்கும். சுவிட்சை அணைத்து, தண்ணீர் நன்றாக ஆறின பிறகு அதைத் தூக்கிவிட்டால் தண்ணீர் பீச்ச வேண்டும். வரவில்லை என்றால் வால்வு இறுகிவிட்டது, மாற்றிவிடுங்கள். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் டக்கென்று நிற்க வேண்டும்.

வருஷம் ஒரு முறை, உப்புத் தண்ணீர் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை: மெக்கானிக்கை வைத்துக் கழற்றி, பொருக்கைச் சுரண்டி, தண்டையும் வாஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசிக்கு முன்பே செய்துவிட்டால் நல்லது. குளிர் வந்த பிறகு மெக்கானிக் கிடைப்பது குதிரைக் கொம்பு.

கடைசியாக ஒன்று. யார் வந்து "சொட்டுதே, அடைச்சிடலாமா?" என்று கேட்டாலும், குழாய்க்காரரானாலும் சரி, வீட்டுக்காரரானாலும் சரி, "வேண்டாம், ட்யூப் மாட்டி இறக்கிவிடுங்க" என்று சொல்லுங்கள். இன்று மாலையே குளியலறைக்குப் போய்க் கீசரின் அடியில் ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். அடைத்திருந்தால் நாளைக் காலை சுவிட்ச் போட வேண்டாம். அடுப்பில் அண்டாவை ஏற்றி ஒரு நாள் சமாளித்துக்கொள்ளலாம்.

அடுத்த இதழில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பாசியில்லாமல் கழுவி வைப்பது எப்படி என்று பார்ப்போம்.